துண்டு வெட்டிய பிறகு அந்தக் காலுக்கு யார் பொறுப்பு?

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் காயப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறோம். விபத்தை எப்படித் தடுப்பது, தலைக்கவசம் ஏன் போடவேண்டும் என்பதெல்லாம் இந்த மடலில் இல்லை. அதைப் பொலிசாரும் பாடசாலைகளும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, சத்திரசிகிச்சைக் கூடத்தில் கம்பி போடப்படுகிறது, தையல் போடப்படுகிறது. வெளியேற்றச் சீட்டை எழுதிக் கொடுத்து, அதாவது துண்டு வெட்டி, வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து அடுத்த ஆறு மாதத்தில்தான் கை கால்கள் கெட்டுப்போகின்றன. நன்றாகச் செய்த சத்திரசிகிச்சைகூட அந்த ஆறு மாதத்தில் வீணாகிவிடுகிறது.

காரணம் யாருடைய அலட்சியமும் அல்ல, நிர்வாக அமைப்பு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. நோயாளி திரும்பிப் போகும் ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் மாகாணத்தின் கீழ். பெரியாஸ்பத்திரி துண்டு வெட்டியதும் தன் கடமை அடுத்த கிளினிக் திகதிவரை முடிந்தது என்று எண்ணுகிறது. அப்படி ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று பிரதேச வைத்தியசாலைக்கு யாரும் சொல்வதில்லை. வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் இருப்பவர் எப்படியாவது பஸ்ஸேறிக் கிளினிக்குக்கு வந்துவிடுவார். தூரத்திலுள்ள வெல்லாவெளியிலோ வாகரையிலோ இருப்பவருக்குக் கம்பி போட்ட காலோடு பஸ்ஸில் ஏற முடியாது, ஆட்டோ பிடிக்கக் கையில் காசிருக்காது. இரண்டு கிளினிக் தவறினால் அவர் எந்தப் பதிவிலும் இல்லை.

முதலில் அந்தத் துண்டையே பாருங்கள். எழுத்து ஆங்கிலம், அதுவும் சுருக்கக் குறி. 'என்.டபிள்யூ.பி. 6/52' என்றால் ஆறு கிழமைக்குக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாது என்று பொருள். 'ஆர்.ஓ.எஸ். 14/7' என்றால் பதினான்காம் நாள் தையல் பிரிக்கவேண்டும். 6/52 என்பதைக் கட்டில் இலக்கம் என்று ஒரு தாய் நினைத்தால் அது அவர் குற்றமா? வார்ட்டில் வாயால் சொன்னதும், நோவிலும் வீட்டுக்குப் போகும் அவசரத்திலும் பாதி காதில் விழாது. துண்டோடு சேர்த்து ஒரு பக்கத் தாள் போதும், தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்தது. எந்த எலும்பு, காலை ஊன்றலாமா, ஊன்றலாமென்றால் எவ்வளவு பாரம், எந்தத் திகதிவரை, தையலை எந்த வைத்தியசாலையில் எந்த நாளில் பிரிப்பது, அடுத்த எக்ஸ்ரே எப்போது, எந்த மூட்டை நாளும் அசைக்கவேண்டும், எந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கிழமைக் கணக்கு வேண்டாம், திகதியை எழுதுங்கள்.

'பாதிப் பாரம்' என்று சொல்லி அனுப்புவதும் ஒன்றுதான், ஒன்றும் சொல்லாமல் அனுப்புவதும் ஒன்றுதான். 20 கிலோ மட்டும் ஊன்று என்று கணக்காகச் சொன்னாலும், அது எவ்வளவு என்று கால் அறியாது. நிறை பார்க்கும் தராசில் காயப்பட்ட காலை வைத்து, முள் 20ஐத் தொடும்வரை அழுத்திப் பத்துத் தடவை பழகினால் கால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வீட்டில் தராசு இருக்காது. தாய்சேய் கிளினிக் நடக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்கிறது.

விடியும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளில் முதலாவது, பிளாஸ்டர் போட்ட முதல் இரண்டு நாளில் கூடிக்கொண்டே போகும் நோவு. காலை உயர்த்தி வைத்து, மாத்திரை குடித்த பிறகும் நோவு ஏறுகிறது, பெருவிரலை இன்னொருவர் மெல்ல நிமிர்த்தினால் கெண்டைக்கால் முழுக்கச் சுரீரென்கிறது என்றால் உள்ளே வீக்கம் தசையை நெரிக்கிறது. விரல் மரத்து, வெளிறிப் போகும்வரை பார்த்திருக்கக் கூடாது, அவை பிந்திவரும் குறிகள். ஆறு மணித்தியாலம் அளவில் தசை சாகத் தொடங்கும். பிரதேச வைத்தியசாலையில் இரவுக் கடமையில் இருப்பவருக்கு இங்கே ஒரு வேலை உண்டு. பிளாஸ்டரை மேலிருந்து கீழ்வரை முழுநீளத்துக்கும் பிளக்கவேண்டும். பிளாஸ்டரை மட்டும் வெட்டினால் போதாது, அடியிலிருக்கும் பஞ்சையும் துணியையும் தோல் தெரியும்வரை வெட்டவேண்டும். இரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு பிளாஸ்டரைப் போலவே இறுக்கும். பிறகு காலை நெஞ்சு மட்டத்துக்கு வைத்து உடனே அனுப்பவேண்டும். இந்த நிலையில் காலை மேலே தூக்கி வைத்தால் இரத்தம் ஏறுவது இன்னும் குறையும்.

இனி நாங்கள் கூடுதலாகக் கவலைப்படும் விடயம்: எழும்பாமல் தொங்கும் கை.

மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தோள் நிலத்தில் அடிபடும்போது தலை மற்றப் பக்கம் போகிறது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை அந்தக் கணத்தில் இழுபடும், கிழியும், சிலருக்கு முள்ளந்தண்டிலிருந்து வேரோடு பிடுங்குப்படும். கூடவே காறை எலும்பும் முறிந்திருக்கும். எல்லோருடைய கண்ணும் எக்ஸ்ரேயில் தெரியும் காறை எலும்பிலேயே இருக்கும். கை எழும்பாததை நோவின் கணக்கில் எழுதிவிடுவார்கள். 'எலும்பு ஒட்டினால் கை தானாக எழும்பும்' என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அந்த நல்ல மனதில் ஒரு வருடம் போய்விடுகிறது.

கணக்கு மிக எளிது. அறுந்து பொருத்திய நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து முழங்கையை மடக்கும் தசைக்கு 25 முதல் 30 சென்ரிமீட்டர், அதாவது ஒன்பது பத்து மாதப் பயணம். உள்ளங்கையின் சிறு தசைகளுக்கு இரண்டு வருடம். ஆனால் நரம்பில்லாத தசை 12 முதல் 18 மாதத்துக்குள் நாராகிவிடும், பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் அது அசையாது. ஆகவே சத்திரசிகிச்சை மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் நடக்கவேண்டும். ஒன்பதாம் மாதம் கொழும்புக்குப் போகிறவரிடம் நிபுணர் பெரும்பாலும் வருத்தத்தோடு கையை விரிக்கவேண்டி வருகிறது. சில இடங்களில் கிட்டவுள்ள இன்னொரு நரம்பைத் தசைக்குத் திருப்பிவிட்டுத் தூரத்தைக் குறைக்கலாம். அதற்கும் நாள் கணக்கு உண்டு.

இதைப் பிடிக்க எம்.ஆர்.ஐ. இயந்திரம் தேவையில்லை. தையல் பிரிக்க வரும் நாளில் ஒருமுறை, மூன்றாம் கிழமையில் ஒருமுறை, கட்டு அறையிலேயே பார்க்கலாம். முழங்கையை மடக்கு, மணிக்கட்டை மேலே தூக்கு, விரலை விரி, பெருவிரலால் சுண்டுவிரலைத் தொடு. தோளின் வெளிப்புறத்தில் பஞ்சால் தொட்டு, மற்றத் தோளோடு ஒப்பிட்டுக் கேள். இரண்டு நிமிடம். மூன்றாம் கிழமையிலும் ஒரு தசையாவது துளியும் அசையவில்லையென்றால் நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், ஆறாம் கிழமைக்குள் நிபுணரிடம் பெயர் பதிவாகவேண்டும். அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை தொங்கி, கண்மணி சிறுத்திருந்தால் வேர் பிடுங்குப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அவரை ஆறு கிழமைகூட வைத்திருக்கக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் தோளைத் தாங்கும் பட்டி கட்டாயம், இல்லாவிட்டால் கையின் பாரமே மூட்டை இறக்கிவிடும். தோளை வெளிப்பக்கம் திருப்புவது, முழங்கையை நிமிர்த்துவது, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவது ஆகியவற்றை வீட்டார் நாளுக்கு மூன்று தடவை செய்துவிடவேண்டும். உணர்வில்லாத கை அடுப்பிலும் சைலன்சரிலும் சுடுபட்டால் தெரியாது. இந்த நரம்பு நோவு எரியும், மின்சாரம் பாய்வதுபோல் வெட்டும், பரசிட்டமோலுக்கு அடங்காது. பார்மசியில் டைக்ளோபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவார்கள். வயிறும் சிறுநீரகமும் பழுதாகும், நோவு அப்படியே இருக்கும். அமிற்றிப்ரிலின், கபாபென்ரின் போன்ற வேறு வகை மருந்து தேவை என்பதைத் துண்டிலேயே குறித்துவிட்டால் பிரதேச வைத்தியசாலை வைத்தியர் தயங்கமாட்டார்.

காலில் இதற்கு ஒரு தம்பி உண்டு. முழங்காலின் வெளிப்புற எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு அடிபட்டாலோ, முழங்காலுக்குக் கீழ்ப் போட்ட பிளாஸ்டரின் மேல்விளிம்பு அதை நெரித்தாலோ பாதம் தொங்கிவிடும். பாதத்தை 90 பாகையில் பிடிக்கும் பின்தட்டு ஒன்று அன்றைக்கே வேண்டும். குதிக்காலின் தசைநாண் சுருங்கிய பிறகு தட்டுப் போட்டுப் பயனில்லை.

வெளிக்கம்பி போட்டவர்கள் பாடு தனி. சேறும் மண்ணும் புகுந்த கீழ்க்கால் முறிவுக்கு வெளியிலிருந்து கம்பி போடுவது வழக்கம். ஊர் வைத்தியசாலைக்குக் கட்டு மாற்றப் போனால், 'கம்பி இருக்கு, நாங்க தொடமாட்டம், பெரியாஸ்பத்திரிக்குப் போங்க' என்று திருப்பி அனுப்புகிறார்கள். அது பயம், சோம்பல் அல்ல. யாரும் அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. வேலை சிறியது: சலைனில் நனைத்த துணியால் கம்பி தோலுக்குள் போகும் இடத்தை உள்ளிருந்து வெளியே துடைப்பது, ஒரு கம்பிக்கு ஒரு துணி, அதே துணியால் அடுத்ததைத் தொடாமல். மஞ்சள், எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். தெளிவான நீர் கசிந்தால் பயமில்லை. தடித்த சீழ், பரவும் சிவப்பு, விரலால் தட்டினால் ஆடும் கம்பி, இம்மூன்றுக்கும் அன்றே தொலைபேசி. கசிவு நின்ற பிறகு கிழமைக்கு ஒருமுறை போதும். அரைநாள் பயிற்சி கொடுத்தால் மண்டூரிலும் மகிழடித்தீவிலும் வாகரையிலும் இதைச் செய்யலாம், ஒருவருக்கு இரண்டு மாதத்தில் எட்டு, பத்துப் பயணம் மிச்சம்.

முழங்காலுக்கு வருவோம். தொடை எலும்புக்குள் கம்பி போட்டு வீட்டுக்கு வந்தவருக்கு வீட்டார் அன்போடு செய்யும் முதல் கெடுதல், முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. நோவு குறையும் என்பது உண்மை. நான்கு கிழமையில் முழங்கால் நிமிராமல் போவதும் உண்மை. பத்துப் பாகை நிமிராவிட்டாலே நடையில் நொண்டல் தெரியும். தலையணை குதிக்காலுக்கு அடியில் இருக்கவேண்டும், முழங்கால் காற்றில் நிற்கவேண்டும். தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது, பத்துத் தடவை, நாளுக்கு நான்கு வேளை. பழைய சாரத்தைப் பாதத்தில் மாட்டி இழுத்துக் குதியைப் பிட்டத்தை நோக்கிச் சறுக்குவது, அதுவும் பத்து. சத்திரசிகிச்சை நிபுணர் தடை சொல்லாவிட்டால் ஆறாம் கிழமைக்குள் 90 பாகை மடங்கவேண்டும். 90 பாகை கதிரையில் இருக்கப் போதும், எங்கள் ஊர் வாழ்க்கைக்குப் போதாது. சைக்கிள் மிதிக்க 110 வேண்டும், குந்தி இருக்க 120க்கு மேல் வேண்டும். வரம்பில் வேலை செய்பவரும், தோணியில் குந்தி வலை எடுப்பவரும் 90 பாகையோடு என்ன செய்வார்கள்? மூன்று மாதம் தாண்டினால் உள்ளே தழும்பு இறுகி, மயக்கம் கொடுத்து மடக்கவேண்டி வரும். இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) இரண்டு வருகை முதல் ஆறு கிழமைக்குள் கிடைத்திருந்தால் இந்தச் செலவு தேவைப்பட்டிராது.

ஊன்றுகோலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கவேண்டியிருக்கிறது, சிரிக்கவேண்டாம். மேல்தட்டுக்கும் அக்குளுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி, கைபிடி மணிக்கட்டு மட்டத்தில், முழங்கை சற்று மடங்கியபடி. பாரத்தை உள்ளங்கை தாங்கவேண்டும். அக்குளில் தொங்கினால் அங்குள்ள நரம்பு நசிந்து மணிக்கட்டு விழும், காலுக்கு வந்தவர் கையோடு திரும்புவார். கரையோர ஊர்களின் முற்றமெல்லாம் மணல். சாதாரண றப்பர் அடி மணலில் புதைந்து ஆளைச் சரிக்கும், பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்கும். அடி தேய்ந்து உலோகம் தெரிந்தால் சீமெந்துத் தரையிலும் ஆபத்து. கட்டிலிலிருந்து மலசலகூடம்வரை இரண்டு பலகை போட்டுவிட்டாலே விழுகை குறையும். குந்தும் மலசலகூடத்துக்கு, கால் உறுதியான பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் துளை வெட்டி மேலே வைக்கலாம், பெரிய செலவில்லை. ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் பத்துச் சோடி ஊன்றுகோலும் ஒரு பெட்டி றப்பர் அடியும் இருந்தால், இரவல் கொடுத்துத் திருப்பி வாங்கலாம். ஆறி எழும்பியவர்களின் ஊன்றுகோல்கள் ஊரெங்கும் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கின்றன, கேட்டால் தருவார்கள்.

முறிவு நெரிவுக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியரிடம் போவதைப் பற்றி வார்ட்டுகளில் கடிந்துகொள்வது வழக்கம். நாங்கள் அதில் சேரமாட்டோம். அவர் ஊரிலேயே இருக்கிறார், போன அன்றே பார்க்கிறார், காலைத் தொட்டுப் பார்க்கிறார், அடுத்த நாள் என்ன செய்யவேண்டும் என்று தமிழில் சொல்கிறார். நாங்கள் இந்த நான்கில் எத்தனையைச் செய்கிறோம்? கம்பி போட்ட காலில் இறுக்கிக் கட்டினால், ஆறாத புண்ணில் பத்துப் போட்டால் வரும் கேடு பெரிது, அதை அவருக்கே நேரில் சொல்லலாம். துறைநீலாவணை முதல் வாழைச்சேனைவரை அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று அந்தந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரியும். 'விரல் நீலித்தால், தோல் திறந்திருந்தால், கம்பி இருந்தால் கட்டாதீர்கள், எங்களிடம் அனுப்புங்கள்' என்பதை மதிப்போடு கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

பத்தியமும் அப்படித்தான். புண்ணைக் கெடுக்கும் கிரந்தி உணவு என்று இறால், நண்டு, கணவாயோடு சேர்த்து முட்டையையும் நிறுத்திவிட்டுச் சோறும் ரசமுமாக ஒரு மாதம் கொடுத்தால் புண் ஆற எதைக்கொண்டு ஆறும்? அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு 75 கிராம் அளவில் புரதம் வேண்டும். இறாலுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். விரால், பருப்பு, பயறு, பால் ஆகியவற்றைப் பத்தியக்காரரும் மறுப்பதில்லை, முட்டையைப் பிறகு பேசி எடுக்கலாம். புகைப்பவர்களுக்கு எலும்பு பொருந்துவது பிந்தும் என்பதைமட்டும் வளைக்காமல் சொல்லிவிடவேண்டும். சீனி வருத்தம் உள்ளவரின் சீனியை அந்த ஆறு மாதமும் இறுக்கிப் பிடிக்கவேண்டும்.

தலையில் அடிபட்டவருக்கு 48 மணித்தியாலம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. சொல்லப்படாதது மூன்றாம் கிழமைக்குப் பிறகு வருவது. வயதானவரிலும், குடிப்பவரிலும், இரத்தம் ஐதாக்கும் மருந்து எடுப்பவரிலும் மூளையைச் சுற்றி மெல்ல இரத்தம் கசிந்து, தலையிடி, மந்தம், ஒரு பக்கக் கால் இழுபடுதல் என்று வரும். அடிபட்டது மறந்துபோயிருக்கும், வாதம் என்று நினைப்பார்கள். இளையவரில் வேறு விதம்: முன்கோபம், மறதி, நித்திரையின்மை, வெளிச்சம் பிடிக்காமை. குடும்பம் கோயிலுக்கும் பேயோட்டும் கட்டாடியாரிடமும் கொண்டோடும். போகட்டும், அது அவர்கள் ஆறுதல். 'இது மூளை ஆறும் காலத்தில் வருவது, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் குறையும், குறையாவிட்டால் காட்டுங்கள்' என்ற ஒரு வரி தாளில் இருந்தால், 'இவன் மாறிட்டான்' என்று மனைவி அழுவது குறையும். வலிப்பு மருந்து எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது, வைத்தியர் சொல்லும்வரை வண்டியில் ஏறக் கூடாது.

விழுந்த கையின் மணிக்கட்டில், பெருவிரல் அடிக்குழியில் நோவு இருந்து முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டால் 10 முதல் 14 நாளில் திரும்ப எடுக்கவேண்டும். அந்தச் சிறு எலும்பு முதல் நாளில் ஒளிந்துகொள்ளும்.

எப்போது திரும்ப மோட்டார் சைக்கிள் ஓடலாம் என்பதை யாரும் சொல்வதில்லை, ஆகவே அவரவர் தீர்மானிக்கிறார்கள். முன் பிரேக் வலது கையில், பின் பிரேக் வலது காலில். தடியில்லாமல் முழுப் பாரம் ஊன்றி நடந்து, வலது கணுக்காலை நோவில்லாமல் அழுத்த முடியாதவர் அவசரத்துக்கு வண்டியை நிறுத்த முடியாதவர். விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தையும் திரும்பப் போடக் கூடாது, உள்ளே இருக்கும் நுரைத்தட்டு ஒருமுறைதான் நசுங்கும்.

சட்ட வழி சுருக்கமாக: பொலிசாரின் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்காமல் துண்டு வெட்டினால், பின்னால் நட்டஈடு கேட்கும்போது காயத்துக்குச் சான்று பலவீனமாகிவிடும். வழக்குப் போட இரண்டு வருடம்தான் தவணை. அந்தப் பரிசோதனை முடிந்ததா என்று விடுதித் தாதி ஒரு கேள்வி கேட்டால் தீரும் விடயம் இது.

மழைக்காலத்தை மறந்து எந்த ஒழுங்கும் செய்யவேண்டாம். கார்த்திகையிலிருந்து தைவரை கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறினால் அந்தப் பக்கத்துக்குக் கிளினிக் என்பது வெறும் திகதி. ஐப்பசி முடிவதற்குள் அப்பக்கத்து நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, இரண்டு கிழமைக்கான மருந்தும் கட்டுத் துணியும் முன்கூட்டியே கையில் கொடுக்கவேண்டும்.

நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. துண்டோடு தமிழ்த் தாள். துண்டு வெட்டிய அன்றே பிரதேச வைத்தியசாலைக்குப் பெயரும் இரண்டு தொலைபேசி இலக்கமும், ஒன்று பக்கத்து வீட்டு இலக்கம், ஏனென்றால் விபத்தில் முதலில் உடைவது நோயாளியின் தொலைபேசி. மூன்றாம் நாள், பதினான்காம் நாள், ஆறாம் கிழமை என்று பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தரிடமிருந்து மூன்று அழைப்பு: நோவு கூடுகிறதா, விரல் எல்லாம் அசைகிறதா, அடுத்த திகதிக்கு எப்படி வரப்போகிறீர்கள்? இரண்டு கிழமைக்கு ஒருநாள் இயன்மருத்துவர் மண்டூர், மகிழடித்தீவு, வாகரை, அம்பாறைக் கரையில் திருக்கோவில், பொத்துவில் போய்வர ஒரு வாகனமும் பயணப்படியும். அசையாத கைக்கு ஆறு கிழமை என்ற எல்லை, எழுத்தில், சுற்றறிக்கையாக.

தாளின் மாதிரியைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம், சிங்களப் பிரதி பாதியில் நிற்கிறது. கம்பிக் கட்டு, பிளாஸ்டர் பிளத்தல், கைநரம்பு பார்த்தல் மூன்றுக்குமான அரைநாள் பயிற்சியை எந்தச் சனிக்கிழமையும் சம்பளமின்றி நடத்தித் தருவோம். பெரும்போக வெட்டு தொடங்குமுன் முதலாவதை வைத்தால் நல்லது, வெட்டுக் காலத்தில் இரவில் வயலிலிருந்து திரும்பும் வண்டிகள் கூடும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் எலும்பு முறிவு விடுதிகளிலும் இயன்மருத்துவப் பிரிவுகளிலும் கட்டு அறைகளிலும் வேலை செய்பவர்கள்